பாளையம் (சொல்)

பாளையம் என்பது தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் வழங்கும் சொல். படை தங்கும் இடம் என்பதே இதன் அடிப்படைப் பொருள். அதிலிருந்து படை, குறுநிலத் தலைவனின் ஆட்சிப் பகுதி, சிற்றூர், நகரத்தின் ஒரு பகுதி, அரசியல் அணி எனப் பல பொருள்கள் கிளைத்துள்ளன. தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரின் பின்னொட்டாக இது மிகுதியாகக் காணப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம், அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம், தேனி மாவட்டத்து உத்தமபாளையம், ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையம், கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் ஆகியன அறியப்பட்டவை. ஆங்கிலத்தில் 'போலிகர்' என்ற சிதைந்த வடிவில் நுழைந்து, முதலில் பாளையக்காரரையும் பிறகு ஒரு வேட்டை நாயையும் குறித்தது.

சொல்லின் பிறப்பு

சங்க நூல்களில் பாளையம் என்ற சொல் இல்லை. படை தங்கும் இடத்தைப் பாசறை, பாடி, கட்டூர் என்று அந்நூல்கள் குறிக்கின்றன. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பாசறைக் காட்சிகளை விரிவாகத் தருகின்றன. பின்னர் படைவீடு என்ற சொல் ஓங்கியது. முருகன் தலங்களை ஆறுபடைவீடு என்பதிலும், வட ஆர்க்காட்டுப் படவேடு என்ற ஊர்ப்பெயரிலும் அது நிலைத்துவிட்டது. பாளையம் தமிழ் நிலத்தில் ஊன்றியது விஜயநகரப் படைகள் தெற்கே இறங்கிய பிறகுதான்.

இச்சொல்லை 'பாலய' என்னும் வடமொழிச் சொல்லோடு இணைத்து, காக்கப்படும் இடம் என்று விளக்குவோர் உண்டு. இது பொருந்தாது. வடமொழி 'பால்' அடியிலிருந்து வந்த பாலனம், பரிபாலனம், கோபாலன் எல்லாம் தமிழில் லகரத்தோடுதான் வழங்குகின்றன. பாளையமோ தமிழில் பாளையம், மலையாளத்தில் பாளயம், கன்னடத்தில் பாளெய, பாளய, பாள்ய, தெலுங்கில் பாளெமு என நான்கிலும் ளகரத்தோடு நிற்கிறது. இன்றைய தெலுங்கில் 'பாலெம்' என்று லகரத்தோடு எழுதுவது பிற்கால வழக்கு. தென்னையின் பாளையோடு இணைத்துச் சொல்லப்படும் விளக்கம் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பியது, அதைத் தள்ளிவிடலாம். பாளையம் திராவிடச் சொல். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் (1961, திருத்திய பதிப்பு 1984) இதைத் திராவிடச் சொற்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924-1936) படை, பாசறை, பாளையக்காரனின் நாடு ஆகிய பொருள்களைத் தருகிறது. சார்லஸ் பிலிப் பிரவுனின் தெலுங்கு அகராதி (1852), குண்டர்ட்டின் மலையாள அகராதி (1872), கிட்டலின் கன்னட அகராதி (1894) ஆகியவற்றையும் அருகில் வைத்துப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகும். கூடாரம் அடித்துத் தங்கிய படை என்ற கருவைத் தமிழும் மலையாளமும் கன்னடமும் கைவிடவில்லை. தெலுங்கில்தான் சிற்றூர் என்ற பொருள் அதை மூடிவிட்டது.

தமிழ் வேதாகமம் இப்பழம்பொருளைக் காத்துவரும் நூல்களில் ஒன்று. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் பாலைநிலத்தில் தங்கிய இடங்களை அது 'பாளயம்' என்கிறது. தங்குவதைக் குறிக்க 'பாளயமிறங்குதல்' என்ற வினையையும் ஆள்கிறது. பாளையக்காரர்கள் மறைந்து இரண்டு நூற்றாண்டு கடந்தும் கிறித்தவக் குடும்பங்களில் இச்சொல் கூடாரத்தையே நினைவூட்டுவதற்கு இதுவே காரணம்.

படைமுகாம் ஊராவதும் ஊரின் பெயராவதும் பல நாடுகளிலும் நடந்திருக்கிறது. உரோமானியர் படைமுகாமை லத்தீனில் 'காஸ்ட்ரா' என்றனர். அது இங்கிலாந்தில் 'செஸ்டர்', 'காஸ்டர்' என்று திரிந்து மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் என்னும் ஊர்ப்பெயர்களில் நிற்கிறது. அதே அடிச்சொல் அரபு மொழிக்குள் 'கஸ்ர்' என்று போய், ஸ்பெயினில் 'அல்காசர்' என்று திரும்பிவந்து அரண்மனையைக் குறிக்கிறது. துருக்கிய மொழிகளில் படைமுகாமுக்கு 'ஓர்து' என்று பெயர். இந்தியாவில் அது உருது என்னும் மொழியின் பெயராயிற்று. ஆங்கிலத்திலோ 'ஹோர்ட்' என்று, கட்டுக்கடங்காத கும்பலைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஒரே சொல் ஒரு மண்ணில் இலக்கிய மொழிக்குப் பெயராகவும் இன்னொரு மண்ணில் இழிபெயராகவும் ஆனது போலத்தான் பாளையத்துக்கும் நேர்ந்தது. பஞ்சாலைகளுக்காகத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோயம்புத்தூரைச் சுற்றிப் பெரியநாயக்கன்பாளையம், கவுண்டம்பாளையம் என்று பாளையங்களே நிறைந்திருப்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. மான்செஸ்டரின் பின்பாதியும் பாளையம்தான்.

பாளையப்பட்டு முறை

மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கரும் (1529-1564) அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கு ஒன்றைக் காக்கும் பொறுப்பு பாளையக்காரர்களுக்குத் தரப்பட்டது. இம்முறையின் தோற்றம் வாரங்கல்லில் இருக்கிறது. காகதிய மன்னன் பிரதாபருத்திரன் தன் கோட்டையின் எழுபதுக்கும் மேற்பட்ட கொத்தளங்களை நாயக்கர்களுக்குப் பகிர்ந்தளித்தான் என்று தெலுங்கு மரபு கூறுகிறது. விஜயநகரம் அந்த நாயங்கர முறையை எடுத்துக்கொள்ள, மதுரை அதன் கடைசி எல்லையாயிற்று. மதுரைக் கோட்டை 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்னால் இடிக்கப்பட்டது. பெரியார் பேருந்து நிலையத்தை அடுத்து ஒரே ஒரு கொத்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கடைகளுக்கும் வாகனங்களுக்கும் நடுவே நிற்கும் அந்தக் கற்கட்டைப் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

72 என்ற எண்ணை அப்படியே கொள்ள இயலாது. கிடைக்கும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கர்னல் காலின் மெக்கன்சி (1754-1821) திரட்டிய சுவடிகளில் உள்ள பாளையப்பட்டு வம்சாவளிகள், ஒவ்வொரு பாளையக்காரரின் குடும்பமும் தன் பெருமையைத் தானே எழுதித் தந்தவை. ஆயினும் ஒரு சிற்றூர்த் தலைவன் தன் உரிமை எங்கிருந்து வந்தது என்று கருதினான் என்பதைக் காட்ட அவற்றைவிட நல்ல சான்று வேறில்லை.

வரிப்பணத்தில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது பொதுவிதியாகச் சொல்லப்படுகிறது. காவல் இம்முறையின் மற்றொரு தூண். தம் ஊரின் காவலுக்குத் தலக்காவல், அக்கம்பக்கத்து ஊர்களின் காவலுக்குத் தேசக்காவல் என்று இருவகை வரி இருந்தது. காவல் எல்லைக்குள் களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ ஈடு கட்டவோ காவல்காரர் கடமைப்பட்டவர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இதைக் கொள்ளை என்று எழுதினார்கள். களவுக்கு ஈடுகட்டும் காவல் முறையை ஒழித்துவிட்டு அதற்கு இணையாக எதையும் அவர்கள் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கள் மேற்கு, கிழக்கு என இரு திறத்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டியவை மறவர் பாளையங்கள். நெற்கட்டும்செவல், ஊத்துமலை, சிவகிரி, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை, சேத்தூர், கொல்லங்கொண்டான், சிங்கம்பட்டி ஆகியன இவற்றுள் அடங்கும். கிழக்கே கரிசல் நிலத்தில் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், குளத்தூர், கடல்குடி ஆகியன இவ்வகையின. மலையடிவாரத்தில் ஆறும் குளமும் நெல்வயலும் உண்டு. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும்தான். மேற்குப் பாளையங்களுக்குப் பின்வாங்கக் காடு இருந்தது. கிழக்குப் பாளையங்களுக்கு மண்கோட்டையை விட்டால் வேறு காப்பு இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் போர் ஒரு மண்கோட்டையை நடுவாக வைத்து நடந்ததற்கு நிலமும் ஒரு காரணம்.

மேற்குப் பாளையங்களில் புலித்தேவரின் நெற்கட்டும்செவல் 1750-களிலேயே ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, கடல்குடி, குளத்தூர் ஆகிய 6 பாளையங்கள் பறிக்கப்பட்டன. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சிவகங்கையின் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1801 ஜூலை 31 உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. எஞ்சிய பாளையக்காரர்கள் 1803 நிலவரித் திட்டத்தின் கீழ் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டார்கள். படையும் காவலும் போய், பட்டமும் வரிவசூலும் மிஞ்சின. 1948-இல் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி ஜமீன்கள் ஒவ்வொன்றாக அரசின் வசமான ஆண்டுகளில் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் இராஜபாளையத்தில் 1898-இல் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா (முதல்வராக 1949-1952).

இராஜபாளையம்

இராஜபாளையம் ஒரு பாளையக்காரரின் தலைநகர் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பாளையக்காரர் பட்டியல்களில் அருகிலுள்ள சேத்தூரும் கொல்லங்கொண்டானும் வருகின்றன, இராஜபாளையம் வருவதில்லை. இவ்வூர்ப் பெயரில் உள்ள பாளையம் ஆட்சிப் பகுதியைக் குறிப்பதன்று. படை வந்து தங்கிய இடம் என்ற முதற்பொருளே இதில் நிற்கிறது. விஜயநகரப் படையோடு ஆந்திர நாட்டிலிருந்து வந்த ராஜுக்கள் தங்கிய பாளையம் இராஜபாளையம். அவர்கள் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகின்றனர். 'ராஜு' தமிழ்நாட்டில் 'ராஜா' ஆகி, பெயருக்குப் பின்னால் நிற்கிறது.

ஊரின் அமைப்பும் இதையே காட்டுகிறது. நகரின் பழைய பகுதி பழையபாளையம், புதுப்பாளையம் என இரண்டாகப் பிரிந்துள்ளது. இரண்டுக்கும் தனித்தனிச் சாவடி உண்டு. சாவடி என்பதும் தெலுங்கோடு பொதுவான சொல். சமூகத்தார் கூடும் பொது இடத்துக்கு அந்தப் பெயர். சக்கராஜாகோட்டை, சிங்கராஜாகோட்டை என்று தெருத்தொகுதிகளுக்குக் கோட்டைப் பெயர்கள் வழங்குகின்றன. சுவரும் அகழியும் கொண்ட கோட்டையை அங்குத் தேடக் கூடாது. ஒரு தலைவனின் கீழ் வந்த ஆட்கள் ஓரிடத்தில் சேர்ந்து குடியேறினால் அந்தக் குடியிருப்பே கோட்டை. பாளையம், கோட்டை, சாவடி என்று மூன்று சொற்களும் ஒரே ஊரில் சேர்ந்திருக்கும்போது, பழைய முகாமின் வரைபடத்தைத் தெருப்பெயர்களிலேயே படித்துவிடலாம். தமிழ்நாட்டின் பாளையங்களில் சொல்லின் மூலப்பொருளை இவ்வளவு முழுமையாகக் காத்த ஊர் வேறு இல்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திருவில்லிபுத்தூர்

இராஜபாளையத்திலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள திருவில்லிபுத்தூரின் பெயரில் பாளையம் இல்லை. காரணம் எளியது. பாளையம் என்ற சொல் இந்தச் சீமைக்கு வருமுன்பே அது பெயர் பெற்ற ஊர். வேடர் தலைவர்களான வில்லி, கண்டன் என்ற சகோதரர்களில் கண்டனைப் புலி கொன்றது. அண்ணனோ தம்பியோ என்பதில் தலபுராணங்கள் மாறுபட்டாலும், வில்லி காடு திருத்தி வடபத்ரசாயிக்குக் கோயில் எடுத்து ஊரை அமைத்தான் என்பதில் மாறுபாடில்லை. புத்தூர் என்பதைப் புற்று + ஊர் என்று பிரிப்பவர்கள் உண்டு. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தம் பாசுரங்களில் ஊரைப் 'புதுவை' என்று குறிப்பதால், புதிய ஊர் என்பதே பொருள் என்று தீர்மானிக்கலாம்.

பாளையங்களை அமைத்த மதுரை நாயக்கர்கள் இங்கே கோயில் மண்டபங்களையும் திருமலை நாயக்கர் (1623-1659) மகாலையும் விட்டுச் சென்றார்கள், பெயரை மாற்றவில்லை. பழைய கோயிலூர் ஒன்று, புதிய முகாமூர் ஒன்று என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால், ஊர்ப்பெயர் ஆய்வுக்கு இந்த வட்டாரம் மிகப் பொருத்தமானது.

அண்டை மொழிகளில்

தெலுங்கில் பாளெமு முதன்மையாகச் சிற்றூர். கடற்கரை ஆந்திரத்தில் மீனவர் குடியிருப்புகள் பல பாலெம் என முடிகின்றன. 1918-இல் தொடங்கிய சாரஸ்வத நிகேதனம் நூலகத்தால் அறியப்பட்ட வேடபாலெம் இப்பெயர் கொண்ட ஊர்களுள் ஒன்று. கொங்கு நாட்டுப் பாளையங்களும் பெரும்பாலும் இந்தச் சிற்றூர்ப் பொருளில் வந்தவையே. ஒவ்வொரு கொங்குப் பாளையத்துக்கும் ஒரு பாளையக்காரரைத் தேடுவது வீண்வேலை. இராயலசீமையில் 'பாளெகாடு' என்றால் பாளையக்காரன். 1846-இல் கம்பெனியை எதிர்த்து எழுந்து, 1847-இல் தூக்கிலிடப்பட்ட உய்யாலவாட நரசிம்ம ரெட்டி அந்த மரபில் வந்தவர்.

கன்னடத்தில் 'பாளேகாரர்' சித்திரதுர்கத்து நாயக்கர் போன்ற குறுநில மன்னர்கள். ஆனால் அதிலிருந்து பிறந்த 'பாளேகாரிகெ' இன்று அடாவடி, ஆதிக்கம் என்ற பொருளில் வசையாக வழங்குகிறது. 'பாளய' கன்னட நாளிதழ்களில் கட்சி அணியைக் குறிக்கும் அன்றாடச் சொல், காங்கிரஸ் பாளய என்பது போல. பெங்களூரு நகருக்குள் 'பாள்ய' என்று முடியும் பகுதிகள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து போகும் பயணிகள் நன்கறிந்த கலாசிபாள்யம், படைமுகாமின் ஏவலாளர்களான கலாசிகள் குடியிருந்த இடம். மராத்திக்கு இச்சொல் 'பாளேகார்' என்ற வடிவில் போய் அடங்காத தலைவனைக் குறித்தது.

மலையாளத்தில் படைமுகாம் என்ற பொருளே நிலைத்தது. திருவனந்தபுரத்துப் பாளயம் திருவிதாங்கூர்ப் படை தங்கிய இடம். மசூதி, தேவாலயம், கணபதி கோயில் ஆகிய மூன்றும் அங்கே எதிரும் பக்கமுமாக நிற்கின்றன. உட்கட்சிப் பூசலைக் குறிக்க மலையாளிகள் 'பாளயத்தில் பட' என்பார்கள், பாளையத்துக்குள்ளேயே போர் என்று பொருள்.

தமிழில் பாளையக்காரர் என்ற சொல் இன்று விடுதலைப் போர் வீரரையே குறிக்கிறது. 1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் இதை உறுதிப்படுத்தியது. ஒரே சொல் தமிழில் வீரனையும் கன்னடத்தில் அடாவடிக்காரனையும் சுட்டுவது, இரு நாட்டிலும் பாளையக்காரர்களை ஒடுக்கியவர் யார் என்பதைப் பொறுத்தது. கன்னட நாட்டில் அவர்களை அடக்கியவர்களில் ஹைதர் அலியும் உண்டு, தமிழ்நாட்டில் கடைசியாக அடக்கியது கம்பெனி.

போலிகர்

ஆங்கிலத்தில் பாளையம் 'பொல்லம்' என்றும் பாளையக்காரர் 'போலிகர்' என்றும் எழுதப்பட்டன. தமிழின் பாளையக்காரனிலிருந்து 'போலிகர்' பிறக்க வழியில்லை, தெலுங்கு அல்லது மராத்தி வடிவத்திலிருந்தே அது வந்தது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886) இச்சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது, கொள்ளையடிக்கும் இயல்பினர் என்ற கருத்தையும் சேர்த்தே எழுதிற்று. திருநெல்வேலி வரலாற்றை 1881-இல் எழுதிய கால்டுவெல்லும் பாளையக்காரர் ஆட்சியைச் சீர்கேடான காலமாகவே பார்த்தார். நம் பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் 'போலிகர்' என்ற வடிவத்தை இன்னும் கையாள்வது தேவையற்றது. சொல்லோடு சேர்ந்து அந்தத் தீர்ப்பும் வந்துவிடுகிறது.

வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாயை ஆங்கிலேயர் 'போலிகர் ஹவுண்ட்' என்று அழைத்தனர். காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம் இது. இந்திய அஞ்சல்துறை 2005 ஜனவரி 9 அன்று நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றது. தபால்தலையில் அச்சிடப்பட்ட பெயர் ராஜபாளையம் என்பதே.

இன்று

பாளையம் இன்று எந்த நிர்வாகப் பிரிவின் பெயரும் அன்று. இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பிறகு இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன. முன்னது நூற்பாலைகளுக்கும் பின்னது பால்கோவாவுக்கும் பெயர்பெற்றவை.